பெல்லட் இன்சர்ட் நாமளே மாட்டலாமா? நாஷுவால வீடு வாங்கின தம்பிக்கு

தம்பி கேட்டது இதுதான். அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல நாஷுவா பக்கம் 1974ல கட்டின வீடு வாங்கியிருக்காரு, ஹால்ல செங்கல் ஃபயர்பிளேஸ் இருக்கு, வீட்டை சூடாக்குற ஆயில் பில்லைப் பாத்தா தலை சுத்துது, அதனால அந்த ஃபயர்பிளேஸுக்குள்ள பெல்லட் இன்சர்ட் (ஃபயர்பிளேஸுக்குள்ளயே சொருகி வைக்கிற, மரத்தூள் குச்சி எரிக்கிற அடுப்பு) ஒண்ணு வாங்கி வீடியோ பாத்து தானே மாட்டிடலாமான்னு யோசிக்கிறாரு. வீட்ல ஒன்றரை வயசுல குழந்தை வேற, வீட்டம்மாவுக்கு புகையை நினைச்சு பயம்.

வீட்டம்மா பயப்படுறது சரியான விஷயத்துக்குத்தான். எல்லாரும் நெருப்பை நினைச்சு பயப்படுவாங்க, நெருப்பு இரும்புப் பெட்டிக்குள்ள கையளவு கிண்ணத்துல எரியுது, சரியா ஓட்டினா அது எங்கயும் போகாது. புகை எந்த வழியா வெளிய போகுது, அந்த வழி அடைச்சா என்ன ஆகும், கரண்ட் போனா என்ன ஆகும், இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சவங்க தாராளமா போடலாம். நான் இந்த ஊர்லயே 11 குளிர்காலமா ஒண்ணு ஓட்டுறேன். படிச்சது மெக்கானிக்கல், ஆனா முதல் வருஷம் நான் பண்ண கூத்துக்கெல்லாம் அந்தப் படிப்பு ஒண்ணும் உதவல.

முதல்ல இது என்ன சாமான்னு புரிஞ்சுக்கோங்க. நம்ம ஊர்ல மரத்தூள் அடுப்பு பாத்திருப்பீங்க, தகர டப்பாவுல நடுவுல பாட்டிலை வச்சு சுத்தி மரத்தூளை இடிச்சு அடைச்சு பாட்டிலை உருவிட்டு பத்த வைப்பாங்க. பெல்லட்டும் அதே மரத்தூள்தான், அழுத்தி கால் இன்ச் கனத்துல சின்னச் சின்ன குச்சியா ஆக்கினது, பாக்க மாட்டுத் தீவனம் மாதிரியே இருக்கும். மேல இருக்கிற ஹாப்பர்ங்கிற தொட்டியில கொட்டினா ஆகர்னு ஒரு திருகு அதை கொஞ்சம் கொஞ்சமா பர்ன் பாட்டுக்குள்ள, அதாவது எரியிற கிண்ணத்துக்குள்ள தள்ளும், இக்னைட்டர் சூடாகி பத்த வைக்கும், ஒரு ஃபேன் புகையை இழுத்து குழாய்ல தள்ளும், இன்னொரு ஃபேன் வீட்டுக் காத்தை சூடாக்கி ஹாலுக்குள்ள ஊதும். அதாவது அம்மா ஊதுகுழலோட உக்காந்து செஞ்ச வேலையை இங்க மோட்டார் செய்யுது. விறகு அடுப்புல புகை தானா மேல ஏறும், இதுல புகை ஃபேன் தள்ளித்தான் போகுது. இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, மத்தது எல்லாம் இதுல இருந்துதான் வருது.

இப்ப உங்க ஃபயர்பிளேஸ். அது உண்மையான செங்கல் கட்டடமா, இல்ல செங்கல் மாதிரி முகப்பு ஒட்டின தகரப் பெட்டியான்னு முதல்ல பாருங்க. 70கள்ல இருந்து தகரப் பெட்டி, அதாவது ஃபேக்டரி பில்ட் ஃபயர்பிளேஸ், நிறைய வீடுகள்ல வந்துடுச்சு. உள்ள டார்ச் அடிச்சா மேல களிமண் ஓடு குழாய் தெரிஞ்சா செங்கல் சிம்னி, பளபளன்னு உருண்டையா உலோகக் குழாய் தெரிஞ்சா தகரப் பெட்டியா இருக்க வாய்ப்பு அதிகம். தகரப் பெட்டின்னா இன்சர்ட் மேனுவல்ல அதுக்குள்ள போடலாம்னு தெளிவா எழுதியிருக்கணும், எழுதலைன்னா போடக்கூடாது, ஏன்னா அந்தப் பெட்டிக்குப் பின்னாடி ரெண்டு இன்ச்ல மரச்சட்டம் நிக்கும். செங்கல்தான்னாலும் கடைக்குப் போறதுக்கு முன்னாடி சிம்னி சுத்தம் பண்ணிப் பாக்குற ஆளை, அதான் சிம்னி ஸ்வீப்பைக் கூப்பிட்டு லெவல் 2 இன்ஸ்பெக்‌ஷன் பண்ணச் சொல்லுங்க, கேமராவை உள்ள விட்டுப் பாப்பாங்க. அடுப்பு மாறினாலும் வீடு கைமாறினாலும் லெவல் 2 பாக்கணும்னு சிம்னிகளுக்கான அமெரிக்க தீ பாதுகாப்பு விதி என்எஃப்பிஏ 211லயே இருக்கு, உங்க கேஸ்ல ரெண்டும் நடக்குது. முன்னாடி இருந்தவங்க 40 வருஷமா விறகு எரிச்சிருப்பாங்க, உள்ள கிரியோசோட், அதாவது விறகுப் புகை படிஞ்ச எரியக்கூடிய கசடு, தார் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை சுரண்டி எடுக்காம மேல லைனரை, அதாவது சிம்னிக்குள்ள இறக்குற உலோகப் புகைக்குழாயை விட்டா ஒரு விறகுக் கிடங்கு நடுவுல புகைக்குழாய் போன மாதிரிதான்.

லைனர் பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், காசு மிச்சம் பண்றேன்னு எல்லாரும் கை வைக்கிற இடம் இதுதான். பழைய காலத்துல இன்சர்ட்டை அப்படியே ஃபயர்பிளேஸுக்குள்ள தள்ளி, புகை எப்படியாச்சும் சிம்னி வழியா போயிடும்னு விட்டுடுவாங்க, இங்க அதுக்கு பேரே ஸ்லாமர். பெல்லட்டுக்கு அது சுத்தமா ஆகாது. சிம்னி உள்பக்கம் ஒரு அடி அகலத்துக்கு இருக்கும், பெல்லட் புகை கொஞ்சம்தான், அதுவும் அவ்வளவா சூடு இல்லாத புகை, அந்தப் பெரிய குகைக்குள்ள போனதும் ஆறிப்போய் மேல ஏறாம நிக்கும், சாம்பல் அங்கயே படியும், ஃபேன் நின்ன நிமிஷம் திரும்பி வீட்டுக்குள்ள வரும். அதனால இன்சர்ட் வாய்ல இருந்து சிம்னி உச்சி வரைக்கும் முழு நீளத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர் போகணும், மேல ஒரு மூடி, கீழ டேம்பர் (சிம்னி வழியைத் திறந்து மூடுற தகடு) இருந்த இடத்துல உலோகத் தகடு வச்சு அடைப்பு. இடைவெளிக்கு மினரல் வூல் வைங்க, பிங்க் கலர் ஃபைபர்கிளாஸ் வைக்காதீங்க, அதுல இருக்கிற பசை சூட்டுல கருகி நாறும். லைனர் 3 இன்ச்சா 4 இன்ச்சாங்கிறதுக்கு நிறைய மேனுவல்ல ஒரு கணக்கு இருக்கும், நேரா மேல போற குழாய் ஒரு அடிக்கு அரை அடி, படுக்கையா போனா அடிக்கு ஒரு அடி, 90 டிகிரி வளைவு ஒண்ணுக்கு 5 அடின்னு கூட்டிக்கிட்டே வந்து 15 தாண்டினா 4 இன்ச். ரெண்டு மாடி வீட்டு சிம்னின்னா நான் கணக்கே போடாம 4 தான் போடுவேன். உங்க மேனுவல்ல என்ன இருக்கோ அதுதான் கடைசி வார்த்தை.

ஃபேன் தள்றதால குழாய்க்குள்ள அழுத்தம் இருக்கும், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் புகை வெளிய வரும். விறகு அடுப்புக் குழாய்ல ஜாயின்ட் லூசா இருந்தா காத்து உள்ள இழுத்துக்கும், இங்க தலைகீழ். அதனால ஒவ்வொரு ஜாயின்ட்டும் அதிக சூடு தாங்குற சிலிகான் போட்டு சீல் பண்ணணும். துணி காய வைக்கிற டிரையருக்குப் போடுற அலுமினியக் குழாய், கேஸ் ஹீட்டருக்குப் போடுற பி-வென்ட் இதையெல்லாம் மிச்சம் கிடக்குதேன்னு மாட்டினவங்களை நான் நேர்ல பாத்திருக்கேன். தயவு செஞ்சு வேண்டாம்.

எரியிறதுக்கு காத்து எங்க இருந்து வருதுன்னு யாரும் கேக்கறதே இல்ல. புது ஜன்னல் போட்டு இடுக்கெல்லாம் அடைச்ச வீடுன்னா இன்சர்ட்டுக்கு வெளிய இருந்து தனியா ஒரு உலோகக் குழாய்ல காத்து கொண்டு வர்றது நல்லது. ஒரு பக்கம் நீங்க சமையல்கட்டுல மீன் வறுக்கிறீங்கன்னு ஹூட் ஃபேனை ஃபுல்லா வைப்பீங்க, இன்னொரு பக்கம் டிரையர் ஓடும், ரெண்டும் வீட்டுக் காத்தை வெளிய தள்ளும், அப்ப இன்சர்ட்டுக்கு மூச்சு முட்டும், ஜுவாலை சோம்பலா ஆகும். நான் முதல் வருஷம் இது மெஷின் கோளாறுன்னு நினைச்சு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன், அவரு வந்து எங்க வீட்டு ஹூட் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு பில் குடுத்துட்டுப் போனாரு.

மத்த சின்ன விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். முன்னாடி தரையில மேனுவல் சொல்ற அளவுக்கு, பெரும்பாலும் குறைஞ்சது 6 இன்ச், எரியாத கல் இல்ல ஓடு இருக்கணும். மேல மரப் பலகை, அதான் மேன்டல், அதுக்கும் எவ்வளவு தூரம்னு மேனுவல்ல இருக்கும். எர்த் உள்ள நல்ல சுவர் பிளக்ல நேரா சொருகுங்க, எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், வயர் இன்சர்ட் உடம்பைத் தொடாம போகணும்.

நீங்களே மாட்டலாமான்னா, கூரை ஏறி 25 அடி லைனரை இறக்கத் தெம்பும் பொறுமையும் இருந்தா நிறைய பேரு பண்றாங்கதான். ஆனா பெர்மிட் எடுங்க. ஊருக்கு ஊர் மாறும், சில இடத்துல பில்டிங் இன்ஸ்பெக்டர், சில இடத்துல ஃபயர் டிபார்ட்மென்ட், ஒரு போன் போட்டா சொல்லிடுவாங்க. வீட்டு இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்க முதல்ல கேக்குறது பெர்மிட் பேப்பர்தான். என்னைக் கேட்டா, லைனர், இணைப்பு, முதல் ஓட்டம் இதுக்கு மட்டும் எவ்வளவு கேட்டாலும் ஆள் வச்சுடுவேன், முகப்புத் தகடு மாட்டுறது தரைக்கல் போடுறதெல்லாம் நானே பண்ணிப்பேன்.

பெல்லட் வாங்குறது தனி அரட்டை. 40 பவுண்டு மூட்டை, 50 மூட்டை ஒரு டன். ஒரு டன்ல கிட்டத்தட்ட 120 காலன் ஹீட்டிங் ஆயிலோட சூடு இருக்கு, வீட்டுக்கு வர்ற ஆயில் விலையை 120ஆல பெருக்கி டன் விலையோட வச்சுப் பாத்தா லாபமா நஷ்டமான்னு உங்களுக்கே தெரிஞ்சிடும், சில வருஷம் பெரிய வித்தியாசம் இருக்காது. மூட்டையில பிரீமியம் கிரேடுன்னு, சாம்பல் 1 சதவீதத்துக்குள்ளன்னு போட்டிருக்கான்னு பாருங்க. ஓக் மாதிரி கெட்டி மரம்தான் நல்லா எரியும்னு ஒரு கோஷ்டி சண்டை போடும், என் அனுபவத்துல நல்ல பைன் வகை பெல்லட் சூடும் ஜாஸ்தி சாம்பலும் கம்மி. முதல்லயே 3 டன் வாங்கிக் குவிக்காம ரெண்டு மூணு கம்பெனில பத்துப் பத்து மூட்டை வாங்கி எரிச்சுப் பாருங்க. தண்ணி பட்டா மழையில நனைஞ்ச தவிட்டு மூட்டை மாதிரி ஊதிப்போய் திரும்ப மரத்தூளா ஆயிடும், அதை ஹாப்பர்ல போட்டா ஆகர் இறுகிடும். கராஜ்ல பலகை மேல அடுக்கி வைங்க. இன்னொண்ணு, பெல்லட் சும்மா கிடக்கும்போதே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு, அதாவது வாசனையே இல்லாத விஷ வாயு, விடும். கராஜ்ல நாலஞ்சு டஜன் மூட்டைக்கு அது ஒண்ணும் பெருசில்ல, ஆனா காத்தே இல்லாத அடைச்ச ரூம்ல டன் கணக்கா கொட்டி வச்சா ஆளைக் கொல்லும், ஐரோப்பாவுல வீட்டுக் கிடங்குகள்லயும் கப்பல்கள்லயும் அப்படி செத்திருக்காங்க. பேஸ்மென்ட்ல ஜன்னல் இல்லாத ரூமை நிரப்பலாம்னு ஐடியா இருந்தா விட்டுடுங்க.

இனி ஓட்டுறது. ஸ்டார்ட் பட்டன் அமுக்கினா அஞ்சு பத்து நிமிஷத்துல பத்திக்கும். சில நாள் பத்தாது. அப்ப கிண்ணம் நிறைய பெல்லட் கிடக்கும், பெட்டிக்குள்ள வெள்ளையா புகை மட்டும் சுத்தும். இங்கதான் ஆளுங்க தப்பு பண்றாங்க, திரும்ப ஸ்டார்ட் அமுக்குவாங்க, இல்ல கதவைத் திறந்து லைட்டரை நீட்டுவாங்க. அந்த வெள்ளைப் புகையே எரியற கேஸ்தான், பெட்டி நிறைய அது நிக்கும்போது நெருப்பு பட்டா பட்டுன்னு வெடிச்சு கண்ணாடியே தெறிக்கலாம். அப்படி ஆச்சுன்னா கிட்டப் போகாதீங்க, ஆஃப் அமுக்கிட்டு ஃபேன் ஓடி புகை முழுக்க வெளிய போற வரைக்கும் விடுங்க, பெட்டி நல்லா ஆறினப்புறம் கதவைத் திறந்து கிண்ணத்தை காலி பண்ணி, ஓட்டைகளை குச்சி விட்டுக் குத்தி, அப்புறம் புதுசா ஸ்டார்ட் பண்ணுங்க. எடுத்த பெல்லட்டை திரும்ப ஹாப்பர்ல கொட்டக்கூடாது, உள்ள கங்கு இருக்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய், கரி அடுப்புக்கு ஊத்துற திரவம் எதுவும் கிட்டயே வரக்கூடாது. எரியும்போது கதவு திறக்காதீங்க, ஹாப்பர் மூடி எப்பவும் சரியா மூடியிருக்கணும், மூடி ரப்பர் கிழிஞ்சா காத்து அந்த வழியா உள்ள போய் நெருப்பு ஆகர் குழாய்ல பின்னாடி ஏறும். நிறுத்தணும்னா பிளக்கைப் பிடுங்காம ஆஃப் அமுக்குங்க, அரை மணி நேரம் ஃபேன் ஓடி தானா நிக்கட்டும்.

ஜுவாலையைப் பாக்கக் கத்துக்கிட்டீங்கன்னா பாதி சர்வீஸ் முடிஞ்சுது. பிரகாசமா மஞ்சளா துடிப்பா ஆடினா நல்லா இருக்கு. நீளமா, ஆரஞ்சா, நுனியில கறுப்பா, கண்ணாடியில கரி படிஞ்சா காத்து பத்தல, எங்கயோ அடைச்சிருக்கு. நான் தினமும் காலையில காப்பி அடுப்புல இருக்கும்போது, இன்சர்ட் ஆறியிருக்கிற அந்த நேரத்துல, கிண்ணத்தை சுரண்டி கண்ணாடியைத் துடைச்சுடுவேன், அஞ்சு நிமிஷம். வாரம் ஒரு தடவை சாம்பல் தட்டு, ஒரு டன் எரிச்சதும் உள்ள இருக்கிற தடுப்புத் தகடுகளை எடுத்து பின்னாடி இருக்கிற சந்து பொந்தெல்லாம் சுத்தம், சீசன் முடிஞ்சதும் இன்சர்ட்டை வெளிய இழுத்து ஃபேன், லைனர், கதவுக் கயிறு (கதவைச் சுத்தி காத்து புகாம அடைக்கிறது) எல்லாம் பாக்கணும். கதவுக் கயிறு சரியான்னு பாக்க ஆறின அடுப்புல ஒரு டாலர் நோட்டை கதவுல வச்சு மூடி இழுங்க, சுலபமா வந்துட்டா மாத்துங்க. சுத்தம் வசந்த காலத்துலயே பண்ணிடுங்க, சாம்பல் கோடைக்காலத்து ஈரத்தைக் குடிச்சா இரும்பை அரிக்கும். உள்ள காத்து இழுவை குறைஞ்சா நிறுத்துற வேக்குவம் சுவிட்ச், சூடு ஏறினா நிறுத்துற சுவிட்ச்னு ரெண்டு மூணு இருக்கு, அது அடிக்கடி நிறுத்துதுன்னா அடைப்பு இருக்குன்னு அர்த்தம். வயரைக் குறுக்க சேர்த்து ஓட வைக்கிறது எப்படின்னு வீடியோ கூட இருக்கு, அதைப் பாக்காதீங்க.

சாம்பல் விஷயத்துல நம்ம ஊர்ல அருமையா ஒரு வார்த்தை இருக்கு, நீறு பூத்த நெருப்பு. மேல ஆறினது மாதிரி இருக்கும், உள்ள ரெண்டு மூணு நாள் கூட கங்கு உயிரோட இருக்கும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆறிடுச்சுன்னு நினைச்சு பேப்பர் பையில அள்ளி பின்பக்கம் மர டெக்ல வச்சுட்டுத் தூங்கப் போனாரு, ராத்திரி பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி எழுப்பினதால டெக்கோட போச்சு. மூடி போட்ட இரும்பு வாளி, வீட்டுக்கு வெளிய, கல் தரையில. சாதாரண வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது, கங்கு உள்ள போனா அதோட ஃபில்டரே பத்திக்கும், சாம்பலுக்குன்னே வேக்குவம் விக்குது.

கரண்ட் போறது இந்த ஊர்ல சும்மா விஷயம் இல்ல. 2008 டிசம்பர் ஐஸ் ஸ்டார்ம்ல நியூ ஹாம்ப்ஷயர்ல 4 லட்சத்துக்கும் மேல இணைப்புகளுக்கு கரண்ட் போச்சு, சில இடத்துல ரெண்டு வாரம் ஆச்சு திரும்பி வர. கரண்ட் போனதும் ஃபேன் நிக்கும், ஆகரும் நிக்கும், ஆனா கிண்ணத்துல கிடக்கிற ஒரு பிடி பெல்லட் புகைஞ்சுகிட்டே இருக்கும். சுவர் வழியா படுக்கையா குழாய் விட்டிருந்தா அந்தப் புகை வீட்டுக்குள்ள வரலாம், உங்களுக்கு உச்சி வரைக்கும் லைனர் இருந்தா பெரும்பாலும் தானா மேல இழுத்துக்கும், முழு லைனர் போடச் சொன்னதுக்கு இதுவும் காரணம். அந்த நேரம் கதவை மட்டும் திறக்காதீங்க. சின்ன யூபிஎஸ் ஒண்ணு வைக்கலாம், பியூர் சைன் வேவ் வகையா பாத்து வாங்குங்க, நிறுத்தி ஆற விடுறதுக்கு அது போதும். நாள் கணக்கா ஓட்டணும்னா ஜெனரேட்டர், அது வீட்டுல இருந்து 20 அடியாவது தள்ளி வெளிய, கராஜ்ல இல்ல.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு மாடியிலயும், பெட்ரூம் வாசல்லயும் கட்டாயம். ஆனா சாதா அலாரம் எப்ப கத்தும்னு தெரியுமா, 70 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல 70 பங்கு, இருந்தா ஒரு மணி நேரத்துல இருந்து நாலு மணி நேரத்துக்குள்ளதான் கத்தணும்னு அதோட விதியே. குழந்தை உள்ள வீட்டுக்கு நம்பர் காட்டுற டிஜிட்டல் அலாரமா வாங்குங்க, 10, 15ன்னு தெரிஞ்சாலே அடுப்பை நிறுத்திட்டு ஏன்னு தேடலாம். அது கத்திடுச்சுன்னா தேடுற வேலையே வேண்டாம், குழந்தையைத் தூக்கிட்டு வெளிய போய் 911. முன் கண்ணாடி தோசைக்கல் மாதிரி கொதிக்கும், இன்சர்ட் அணைச்சப்புறமும் ரொம்ப நேரம் சூடு இருக்கும், அதனால சுவர்ல திருகு போட்டு மாட்டுற கேட் சுத்தி வைங்க, சும்மா நிக்க வைக்கிற வகை ஒன்றரை வயசுக்கு தாங்காது.

ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க. இன்சர்ட் இருக்கிற ஹால்லயே உங்க ஆயில் பாய்லரோட தெர்மோஸ்டாட்டும் (ரூம் சூட்டைப் பாத்து பாய்லரை ஓட்டி நிறுத்துற கருவி) இருந்தா, ஹால் கதகதன்னு இருக்கிறதால பாய்லர் ஓடவே ஓடாது, தூரத்து ரூம்லயும் பேஸ்மென்ட்லயும் தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்கும். வெளிய மைனஸ் 20 செல்சியஸ் அடிக்கிற ராத்திரி பாய்லரையும் நடுநடுவுல ஓட விடுங்க.

இந்த சனிக்கிழமை ஒரு நல்ல டார்ச் எடுத்து, டேம்பரைத் திறந்து மேல அடிச்சுப் பாருங்க. களிமண் ஓடா, உலோகக் குழாயா, தார் எவ்வளவு ஒட்டியிருக்குன்னு சொல்லுங்க, ஃபயர்பிளேஸோட அகலம், உயரம், ஆழம் மூணையும் அளந்து போடுங்க. அதை வச்சு எந்த சைஸ் இன்சர்ட் உள்ள போகும்னு அப்புறம் பேசலாம்.